மதினிக்கு இல்லாத கட்டி

என் அண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன். அவருக்கு நாச்சிமுத்து என்று பேர் வைத்துக்கொள்வோம். நிஜப் பேரைப் போட்டால் சண்முகவள்ளி மதினி அதற்கப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டார். மதினி பேரும் மாற்றியதுதான், அம்பிகா என்ற என் பேரும் மாற்றியதுதான். கன்னிவாடிப் பக்கம் என்பது மட்டும் நிஜம். மலையடிவாரத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது; எது என்று தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

அண்ணன் தேங்காய் வெட்டுக்குப் போகிறவர். ஒரு ஏக்கர் நிலமும் கிணறும் மோட்டாரும் உண்டு. சின்ன வெங்காயம் போடுவார், அவரை போடுவார். ஆனாலும் ஊரில் அவருக்குப் பேர் கிடைத்தது மரத்தால்தான். ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்குவார். மெஷின் மாட்டி ஏறுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. காலில் கயிற்றை மாட்டிக்கொண்டு, வெறும் உடம்போடு மரத்தை நெஞ்சில் அணைத்து ஏறுவதுதான் அவர் வழக்கம். அப்படி ஏறுகிறவர்களுக்கு நெஞ்சுத் தோல் உரசி உரசிக் காய்த்துப் போயிருக்கும். யார் எத்தனை வருஷத்து ஆள் என்று தோப்பில் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இருபத்திரண்டு வயதில் ஒரு தடவை மரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு மைல் நடந்து வந்து, "சோத்தைப் போடும்மா" என்று உட்கார்ந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் தோள் தொங்குவதை அம்மா பார்த்தது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மதினியைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான்தான் எடுத்துவிட்டேன். "எங்கண்ணன் வலிக்குதுன்னு சொல்லி ஒரு நா கேட்டதில்ல" என்றேன். எல்லோரும் மாப்பிள்ளையைப் பெருமையாகப் பார்த்தார்கள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

அண்ணனைத் தங்கமானவர் என்று மட்டும் எழுதினால் அது பொய். தோப்பில் அவரோடு வேலை செய்த ஒருவனுக்கு மார்பில் கொஞ்சம் சதை போட்டிருக்கும். அவனை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தது அண்ணன்தான். அவன் வேலையை விட்டுத் திருப்பூர் போகிற வரைக்கும் அந்தப் பேர் அவனை விடவில்லை. அண்ணன் சொன்னதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்க்கிற வேலை. மாதம் ஒரு தடவை பெண்களை ஓர் இடத்தில் உட்கார வைத்து, மாரில் கட்டி இருக்கிறதா என்று அவர்களே தடவிப் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் சொல்லிக் கொடுப்பேன். அந்த வருஷம் ஆனியில் அண்ணன் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டேன். அண்ணன் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்திரிச்சு அங்கிட்டுப் போ. இது பொம்பளைக சமாச்சாரம்" என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆண்களுக்கும் இது வரும், அபூர்வமாக வரும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லத்தான் செய்தார்கள். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. இந்தப் பழியை வேறு யார் மேலும் போட எனக்கு மனசில்லை.

அதற்கப்புறம் அண்ணன் கை வைத்த பனியன் போட்டுக்கொண்டு மரம் ஏற ஆரம்பித்தார். அவரோடு இருபது வருஷமாக ஜோடி சேர்ந்து வேலைக்குப் போகிற காத்தமுத்து விடுவானா? "என்ன மாப்ள, சமஞ்ச புள்ள மாதிரி மூடிக்கிட்டு ஏறுற?" என்று தோப்பே கேட்கிற மாதிரி கத்தினான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம் அண்ணன். வெயிலைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உருட்டினார்.

"ஒன் மதினிக்கு மாருல ஒரு கட்டி இருக்கு அம்பிகா."

எனக்குப் பகீரென்றது. "எந்தப் பக்கம்? எம்புட்டுப் பெருசு?"

"எடது பக்கம். நெல்லிக்கா அளவு இருக்கும். காம்புக்குப் பின்னாடி. காம்பு உள்ள இழுத்த மாதிரி இருக்கு."

"வலிக்குதாமா?"

"வலியெல்லாம் இல்ல."

"நகருதா, ஒரே எடத்துல நிக்குதா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

இவ்வளவு தெளிவாக எந்தப் புருஷனும் என்னிடம் பெண்டாட்டி உடம்பைப் பற்றிச் சொன்னதில்லை. அண்ணனுக்கு மதினி மேல் எம்புட்டு அக்கறை என்று அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அறிவு கெட்ட எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத, வெக்கப்படுவா. நீயாப் பாக்குற மாதிரிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதினி நெய்க்காரப்பட்டியில் பிறந்தவர். கோபத்தில்கூட வாயிலிருந்து "ங்க" போகாது. நான் ரெண்டு மாரையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு என் கை மேலேயே நம்பிக்கை இல்லாமல், திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை, யார் உங்களைப் பயமுறுத்தியது என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேரும் சந்தோஷத்தில் வடை தின்றோம். அப்போதுதான் நான் உளறினேன்.

"அண்ணன்தான் சொல்லுச்சு மதினி. எடது பக்கம், காம்பு இழுத்திருக்கு, ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு அம்புட்டும் சொல்லுச்சு."

மதினி கையிலிருந்த வடையைப் பேப்பரில் திரும்ப வைத்தார். "எனக்குத்தான் இல்லையே கண்ணு" என்றார். பேப்பரை மடித்துவிட்டு, "அப்ப யாருக்கு இருக்குது?" என்று கேட்டார்.

நாங்கள் ரெண்டு பேரும் பெண்கள். மார் என்றால் எங்களுக்குப் பெண்ணின் மார்தான். மதினிக்கு இல்லை என்றால் வேறு ஒருத்திக்கு இருக்கிறது. அவளை இவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். கன்னிவாடி வந்து இறங்குவதற்குள் எங்கள் கணக்கு முடிந்துவிட்டது.

முடிந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாக வந்து நின்றது. மூணு மாதமாக மதினி பக்கத்தில் அவர் வரவில்லை. சட்டை பனியனை அவரே மோட்டார் கொட்டகையில் துவைத்துக்கொண்டு வருகிறார். வாழ்நாளில் சோப்பைத் தவிர எதையும் தொடாதவர் வாசனைப் பவுடர் டப்பா வாங்கி வைத்திருக்கிறார். வாசலில் எல்லோர் முன்னாலும் குளிக்கிறவர், நாலு மணியானால் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வேறு என்ன வேண்டும்?

அன்றைக்கு மதினி அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு, "ஏனுங்க, யாருங்க அவ?" என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து மதினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம். அப்புறம் என்ன கேட்கிறோம் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. அந்தப் பயம் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தப்பித்துவிட்ட ஆள் மாதிரி மூச்சு விட்டார். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதினி அழுது நான் பார்க்கவில்லை. பாயை மட்டும் அடுப்படிக்கு மாற்றிக்கொண்டார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் கீர்த்தனாவிடம் போனில் வழக்கம் போலவே பேசினார். விஷயம் எப்படியோ காத்தமுத்து காதுக்குப் போய், டீக்கடைக்குப் போய், ஊருக்கே தெரிந்தது. ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போகும்போது, "மாப்ள, எந்த ஊருடா? எங்களுக்கும் கொஞ்சம் காட்டேன்" என்று நாலு பேர் கூடிக்கொண்டு கேட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிடிபட்டவன் சிரிப்புத்தான், ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று நினைத்தேன்.

கழற்றவில்லை. ஆனால் ரெண்டு நாள் கழித்து அண்ணன் வெங்காயக் காட்டில் தனியாக இருக்கும்போது போய்ப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது. ஆனால் பார்க்கிற வேலை அப்படி, அந்தக் கட்டியை மறக்க முடியவில்லை.

"அண்ணே, அவ யாராவும் இருந்துட்டுப் போகட்டும். அது யாருன்னு நான் மதினிகிட்டச் சொல்ல மாட்டேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நீ சொன்னது அம்புட்டும் கேன்சர் மாதிரியே இருக்கு."

அண்ணன் கொத்திக்கொண்டிருந்த களைக்கொட்டைக் கீழே வைத்தார். "வலியே இல்லங்குறாளே" என்றார்.

"வலி இல்லாததுதான் மோசம்."

"இப்ப மேல தோல் லேசா வெடிச்சிருக்குங்குறா. தண்ணி மாதிரிக் கசியுதாம்."

"அய்யோ, நாளைக்கே போகணும்ணே!"

"போனா?"

"ஆப்பரேசன் பண்ணி மாரை எடுப்பாக. ஊசி போடுவாக. பிழைச்சுக்குவா."

"போகலன்னா?"

"செத்துருவா."

அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். வெங்காயத் தாள் ஒன்றைப் பிடுங்கி, விரலில் சுற்றினார். "எம்புட்டு நாள்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சீக்கிரம் போகச் சொல்லு என்று கெஞ்சினேன். அப்பா முகத்தைக்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, எனக்கு அப்பாவாக இருந்தவர் அவர்தான். அவரிடம் நான் ஒருத்தியின் உயிருக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"சொல்லிப் பாக்குறேன்" என்றார். "அவ ஒரு மாதிரி அம்பிகா. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நெனைக்கிறா. நாலு பேரு சிரிப்பாகன்னு பயப்படுறா."

"உசுரு போனா என்ன அசிங்கம்ணே? கூறு கெட்டவளா இருப்பா போல!"

"ஆமா, கூறு கெட்டவதான்" என்றார்.

அந்தக் காட்டில் அவர் என் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டனைக் கழற்றிக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. அரைக் கேள்வி நான் கேட்டிருந்தாலும் அவர் உடைந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. தினமும் நாற்பது வீடு ஏறி இறங்கி ஊரார் உடம்பைப் பார்க்கிற எனக்கு, என் அண்ணனுக்கு ஓர் உடம்பு இருக்கிறது, அதற்கும் நோய் வரும் என்கிற நினைப்பே இல்லை. அவரைத் தூண் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம்.

தை, மாசி போனது. மரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். இடது கை தூக்க வரவில்லை, சுளுக்கு என்றார். பிரஷர் பார்க்கக் கையைக் கொடு என்றால் வலது கையைத்தான் நீட்டுவார். பங்குனியில் ஒரு நாள் மதினிக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு அவளைப் பார்த்தே தீருவது என்று நாலு மணிக்கு அவர் பின்னாடியே மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். கையில் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தபோது நான் இன்னொரு வீட்டில் சுகர் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் முதலில் மோட்டார் சத்தம்தான் கேட்டது. அப்புறம் மதினி குரல்.

"பொம்பள யாருமில்ல கண்ணு" என்றார். "யாருமே இல்ல. அவருதான் இருக்காரு."

ஓடினேன். அண்ணன் தொட்டியோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே ஒன்றும் இல்லை. இடது மார்பு இருந்த இடத்தில் கைப்பிடி அளவுக்குப் புண். பக்கத்தில் கிழித்த வேட்டித் துணி, மஞ்சள் தூள், அந்தப் பவுடர் டப்பா. நாற்றத்துக்காகப் பவுடர் வாங்கியிருக்கிறார். மதினி அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் சேலைத் தலைப்பால் அந்தப் புண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் ரெண்டு கையாலும் நெஞ்சை மறைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவள் நான்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மார்க் கட்டி பார்க்கிற வரிசையில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். சீட்டு வாங்குகிறவர், "பேஷண்ட் யாரும்மா?" என்று கேட்டார். அத்தனை பேரும் மதினியைப் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார். "நான்தாங்க" என்று மதினி எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. இந்த வருஷத்தில் இவர் மூன்றாவது ஆண் என்றார். மூன்று பேருமே முற்றிய பிறகுதான் வந்தார்கள் என்றார். எலும்புக்குப் போய்விட்டது, புரட்டாசியில் வந்திருந்தால் நம்பிக்கையோடு பேசியிருக்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். புரட்டாசியில்தான் அவர் என் வீட்டில் காப்பி குடித்தார்.

அன்று சாயங்காலம் வார்டில் மதினி அவருக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, நான் அவ யாருன்னு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமுங்க. ஆறு மாசம் உங்ககூடப் பேசாம இருந்தேனே. இப்படி ஒரு பழியை எதுக்குங்க சொமந்தீங்க?"

அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அது ஆம்பளைக்கு வர்ற பேருதானே வள்ளி" என்றார்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது. ஒரு மனுஷன் பெண்டாட்டிக்குத் துரோகி என்ற பேரை வாங்கிக்கொள்வார், உயிரையும் கொடுப்பார். மாரில் நோய் என்று மட்டும் சொல்ல மாட்டார். எந்தப் பாவி இவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறான் என்று கோபமாக வந்தது. அந்தப் பாவிகளில் நானும் ஒருத்தி என்பதும் தெரிந்தது.

மூன்று மாதம் இருந்தார். ஊசி போட்டார்கள், கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். வலி தாங்காமல் ஒரு நாள் வாய்விட்டுக் கத்திவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். கடைசி வாரத்தில் மதினியையும் என்னையும் கூப்பிட்டு, "வெளிய நொரையீரல்னு சொல்லிருங்க. பீடி குடிச்சவன்தானே, நம்புவாக. காத்தமுத்துக்குத் தெரியவே கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கீர்த்தனாவிடமும் அதைத்தான் சொன்னோம்.

ஆடியில் இறந்தார். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியை ஆண்கள் அவிழ்த்துக் குளிப்பாட்டப் போனபோது மதினி குறுக்கே படுத்துவிட்டார். முகத்துக்கு மட்டும் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போனார்கள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. வாசலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே போனபோது, பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமி மதினியை ஒட்டி உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காத வள்ளி. அவ வந்தாளா? எழவுக்காவது வந்தாளா?"

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று கத்தியிருப்பேன். மதினி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"வந்தாளுங்க சொர்ணக்கா" என்றார் மதினி. "ஒரு ஓரமா நின்னு அழுதுட்டுப் போயிட்டா."

"எம்புட்டுத் தைரியம் அவளுக்கு!" என்று சொர்ணலட்சுமி உச்சுக்கொட்டினாள். இதைச் சொல்ல ஆள் தேடி உடனே வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் காத்தமுத்து, "என்ன இருந்தாலும் மாப்ள ராசா மாதிரி வாழ்ந்துட்டுப் போயிட்டான்டா" என்று யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது.

"ஏன் மதினி அப்படிச் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

மதினி என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"உசுரைக் குடுத்து வாங்கின பேரு கண்ணு" என்றார். "நான் எதுக்குக் கெடுக்கோணும்?"